காலேஜ் லைப்ரரில எந்தப் புக்க வாங்கணும்னு யார் முடிவு பண்றாங்க? – நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

இருபத்திரெண்டு வருஷமா காலேஜ் லைப்ரரில தான் குப்பை கொட்டிட்டு இருக்கேன். புக்கு வாங்குறத பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா எழுத நேரமில்ல, அதனால மொத்தமா இங்க.

சார், சிலபஸ் புக்கு மூணே காப்பி தான் இருக்கு. ஆனா யாருமே தொடாத குண்டு குண்டு புக்கா அலமாரி முழுக்க இருக்கு. இதெல்லாம் யாரு வாங்குறது? (பி.காம்., ரெண்டாம் வருஷம்)

உங்க கோவம் நியாயம் தான் தம்பி. நிறைய இடத்துல நடக்குறது இது தான்: டிபார்ட்மென்டுக்கு இவ்வளவுன்னு பட்ஜெட் பிரிச்சிருவாங்க, எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) லிஸ்ட் தருவார்னு காத்திருந்து காத்திருந்து மார்ச் 31க்குள்ள காச செலவழிச்சாகணும்னு கடைசி நேரத்துல ஒரு சப்ளையர கூப்பிடுவாங்க, அவர் வேன் நிறைய கொண்டு வந்து டேபிள்ல பரப்புவார், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி செலக்‌ஷன் முடிஞ்சிரும். நம்ம ஊர்ல மட்டும் தான் இப்படின்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு பண்ணி 1979ல வெளியிட்டாங்க, 1969ல வாங்கின புக்குல கிட்டத்தட்ட 40 சதவீதம் அடுத்த 6 வருஷத்துல ஒரு தடவை கூட வெளிய போகல. அத்தனை பெரிய இடத்துலயே!

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. புக்கு இல்லன்னா "சரி சார்"னு திரும்பிப் போயிராதீங்க, ரிசர்வ் போடுங்க. மூணு காப்பிக்கு இருபது பேர் வெயிட்டிங்னு பேப்பர்ல இருந்தா தான் லைப்ரரி கமிட்டில நான் வாய் திறக்க முடியும், நீங்க கவுண்டர்ல விட்ட பெருமூச்ச வச்சு எதையும் கேக்க முடியாது.

நான் குடுத்த லிஸ்ட்ல பாதிய லைப்ரரியன் அடிச்சுட்டாரு. பாடம் நடத்துறது நானா அவரா? (உதவிப் பேராசிரியை)

நடத்துறது நீங்க தான் மேடம். ஆனா அவர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. லிஸ்ட் கைக்கு வந்ததும் நாங்க முதல்ல பாக்குறது அது ஏற்கனவே நம்மகிட்ட இருக்கா, இருந்தா எத்தனை தடவை வெளிய போயிருக்கு. அப்புறம் எடிஷன். இதுல நானே சூடு பட்டிருக்கேன், 2017 மார்ச்ல மறைமுக வரிக்கு 25 காப்பி வாங்கினேன், ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்துருச்சு, 25ம் புதுசா அப்படியே உக்காந்துருச்சு. இதே கதை தான் 2024 ஜூலை 1ல ஐபிசிக்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்ப ஐபிசி புக்குக்கும். வருமான வரிக்கும் 1961 சட்டத்துக்கு பதிலா 2025ல புதுச் சட்டம் பாஸாச்சு, அதுக்கு அமல் தேதி 2026 ஏப்ரல் 1, அதனால யாராவது பழைய எடிஷன 50 சதவீதம் தள்ளுபடின்னு நீட்டுனா கைய கட்டிக்கோங்க.

அடுத்தது தான் எனக்கு முக்கியம். பின் அட்டைல ஒட்டியிருக்குற ட்யூ டேட் ஸ்லிப்ப (திருப்பித் தர வேண்டிய தேதிய முத்திரை குத்துற சீட்டு) புரட்டிப் பாருங்க. எங்ககிட்ட ஒரு புள்ளியியல் புக்கு, ஸ்லிப்ல இருக்குற முத்திரை பூரா நவம்பர், ஏப்ரல், நவம்பர், ஏப்ரல் தான், அதாவது பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் எடுத்திருக்காங்க. பக்கத்துலயே அதே பாடத்துக்கு ஒல்லியா ஒரு புக்கு, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்னு விடாம முத்திரை, இடம் தீர்ந்து போய் மேல இன்னொரு ஸ்லிப் ஒட்டி அதுவும் பாதி நிறைஞ்சாச்சு. முதல் புக்கு பாஸ் பண்ண வைக்குது, ரெண்டாவது புக்குல பசங்க நெஜமா கணக்கு போட்டுக் கத்துக்குறாங்க. யாரும் லிஸ்ட்ல எழுதாமலே ரெண்டாவத நான் திரும்ப வாங்குவேன்.

இப்ப கோஹாங்கிற லைப்ரரி சாப்ட்வேர் இதையெல்லாம் ரிப்போர்ட்டா தந்துருது, ஆனா உக்காந்த இடத்துலயே படிச்சுட்டு டேபிள்ல விட்டுட்டுப் போற புக்கு அந்தக் கணக்குல வராது. அதனால சாயங்காலம் டேபிள்ல கிடக்குறத அப்படியே ஷெல்ஃப்ல சொருகாம முதல்ல ஒரு ஸ்கேன் போட்டுட்டு சொருகச் சொல்லிருக்கேன். ஆறு மாசம் அப்படி செஞ்சு பார்த்தா ரெஃபரன்ஸ் செக்‌ஷன பத்தி நம்ம நினைப்பே மாறிரும்.

நாக் டீம் (காலேஜுக்கு தரம் போடுற குழு) வருது. கேட் ரிஜிஸ்டர்ல தினமும் 400 பேர் காட்டுறோம். இது போதாதா?

எண்ணிக்கை கேப்பாங்க, குடுங்க. ஆனா உங்களுக்கே தெரியும், மே மாச வெயில்ல ஃபேனுக்கு கீழ உக்கார வர்றவன், போன் சார்ஜ் போட வர்றவன் எல்லாம் அந்த 400ல இருக்கான் (வரட்டும், அது தப்பே இல்ல). அத வச்சு படிப்புக்கு லைப்ரரி உதவுதுன்னு சொல்ல முடியாது. நான் வருஷா வருஷம் ஒண்ணு பண்ணுவேன், கடைசி வருஷ ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு முப்பத உருவி கடைசிப் பக்கத்துல என்னென்ன புக்கு எழுதியிருக்காங்கன்னு பாப்பேன். அதுல எத்தனை நம்மகிட்ட இருக்கு, எத்தனை இல்ல, இல்லாதத பசங்க எங்க போய் படிச்சாங்க. ஒரு தடவை பதினோரு ரிப்போர்ட்ல ஒரே லிஸ்ட், ஒரே எழுத்துப்பிழையோட இருந்துச்சு, சீனியரோடத அப்படியே இறக்கியிருக்காங்க. அதுக்கப்புறம் தான் முதல் வருஷத்துலயே லைப்ரரில ஒரு மணி நேரம் தேடிப் பழகுற வகுப்பு கேட்டு வாங்கினேன்.

ஜர்னலுக்கு (ஆய்விதழ்) இன்னும் சுலபம். சந்தா 12,000, வருஷத்துக்கு 8 பேர் எடுத்திருந்தா ஒரு தடவைக்கு 1,500 ரூபா. அப்படியே கமிட்டில வைங்க.

எங்களுது எய்டட் (அரசு உதவி பெறுற) காலேஜ். ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் எங்களுக்கு உண்டா?

அது மத்திய அரசே சந்தா கட்டி ஜர்னல ஆன்லைன்ல படிக்கத் தர்ற திட்டம். 2025 ஜனவரில தொடங்கினது முதல் கட்டமா மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு தான், 30 பதிப்பாளர், சுமார் 13,000 ஜர்னல். உங்களுக்கு என்-லிஸ்ட் இருக்கு, காலேஜுகளுக்கு ஜர்னலும் மின்நூலும் ஆன்லைன்ல தர்ற திட்டம், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்துறது, எய்டட் காலேஜுக்கு ஜிஎஸ்டியோட வருஷம் 5,900 ரூபான்னு வச்சிருந்தாங்க, 6,000க்கு மேல ஜர்னல், லட்சக்கணக்குல மின்நூல். சல்லிசு தான், ஆனா ஐடி வாங்கின பசங்கள்ல எத்தனை பேர் ஒரு தடவையாவது உள்ள போனாங்கன்னு பாருங்க, அங்க தான் வண்டி நிக்கும்.

தமிழ் மீடியம் பொருளாதாரம் படிக்கிறேன். எல்லாமே இங்கிலீஷ் புக்கு, இல்லன்னா கைடு. என்னண்ணா பண்றது?

வருத்தமா தான் இருக்கு தம்பி, தமிழ் மீடியத்துக்கு யாரும் லிஸ்டே குடுக்குறதில்ல, கைடு வாங்கிப் போட்டா போதும்னு நினைக்கிறாங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல தேடிப் பாருங்க, முன்னாடி தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடத்துக்குன்னே தமிழ்ல போட்ட பழைய புக்கெல்லாம் அங்க இலவசமா இருக்கு. புள்ளிவிவரம் பழசு, அத விட்ருங்க, ஆனா தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி எல்லாம் அதுல விளக்கியிருக்குற மாதிரி எந்தக் கைடுலயும் கிடையாது. உங்களுக்குப் பிடிச்சத பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி வைக்க முடியுமான்னு லைப்ரரியன கேளுங்க.

ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல (புக்க எண்ணிச் சரிபாக்குறப்ப) புக்கு குறைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்களா?

பயப்படாதீங்க. மத்திய அரசோட 2017 பொது நிதி விதிகள்ல, இஷ்யூ ஆனதும் அங்கயே எடுத்துப் படிச்சதும் சேர்த்து ஆயிரத்துக்கு 5 புக்கு வரைக்கும் காணாம போறது சகஜம்னு தான் இருக்கு, அலட்சியமோ திருட்டோ இல்லாத வரைக்கும். 1,000 ரூபாய்க்கு மேல விலைன்னாலும் அரிய புக்குன்னாலும் விசாரிப்பாங்க. உங்க நிர்வாகம் எந்த விதிய எடுத்துக்குதுன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

கடைசியா ஒண்ணு, எங்க காலேஜ்ல ஒரு பெரிய தலை தானே எழுதின புக்க 10 காப்பி வாங்கச் சொல்றாரு. எப்படி மறுக்குறது?

மறுக்காதீங்க, வேலைக்கு வேட்டு. ரெண்டு வாங்குங்க, நல்லா கண்ணுல படுற இடத்துல வைங்க, மறக்காம பின்னாடி ஸ்லிப் ஒட்டுங்க. அடுத்த வருஷம் மிச்சம் எட்டு எங்கன்னு கேட்டா அந்த ஸ்லிப்ப திறந்து அவர் கைல குடுத்துட்டு நீங்க டீ குடிக்கப் போயிருங்க.