அசோகர் கலிங்கத்தின் மீது ஏன் படையெடுத்தார்?

காரணத்தை அசோகர் எந்தக் கல்வெட்டிலும் சொல்லவில்லை. கலிங்கத்தில், அதாவது இன்றைய ஒடிசாவில், உள்ள தௌலிக் கல்வெட்டில் தேடியும் போரைப் பற்றி எதுவும் இல்லை என்று கேட்டிருந்தீர்கள்; அங்கே இருக்காது. போரைப் பேசும் 13ஆம் பாறைக் கல்வெட்டைக் கலிங்கத்துக்குள் இருக்கும் தௌலி, ஜௌகடா ஆகிய இரண்டு இடங்களிலும் பொறிக்காமல் விட்டுவிட்டார்கள்.

அதே கல்வெட்டு கலிங்கத்துக்கு வெளியே ஷாபாஸ்கரியிலும் (இன்றைய பாகிஸ்தான்) கால்சியிலும் (உத்தராகண்ட்) இருக்கிறது; அவற்றில் ஒன்றின் மொழிபெயர்ப்பைப் படித்துப் பாருங்கள். 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்று அரசரே வருந்திச் சொல்கிறார். அந்த வருத்தம் கலிங்க மக்களின் கண்ணில் படாமல் போனதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பெரும்பாலும் காரணம் கலிங்கம் இருந்த இடம்தான். கங்கைச் சமவெளியிலிருந்து தெற்கே இறங்கும் கரையோரப் பாதையும் வங்கக் கடல் வணிகமும் அதன் கையில் இருந்தன. சரி, இது வரலாற்றாசிரியர்களின் ஊகம். தேர்வில் எழுதினால் ‘இருக்கலாம்’ என்றே எழுதுங்கள். மீனவப் பெண் மீது கொண்ட காதலால் போர் மூண்டது என்று சொல்லப்படும் கதைக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது.