குணமானவர்களின் பிளாஸ்மா: ரத்த வங்கி மருத்துவர் பதில்கள்

செல்வி: டாக்டர், கொரோனாவுக்குப் பிளாஸ்மா பலன் தந்ததா இல்லையா?

பதில்: குணமானவர் ரத்தத்தின் திரவப் பகுதிதான் இந்தப் பிளாஸ்மா. வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி அதில் இருக்கும். பலன், எந்த நாளில் ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. மருத்துவமனையில் சேர்ந்தபின் ஏற்றியதில் பெரும்பாலும் பலனில்லை. 2020இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஆய்வு நடத்தியது. நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்த்து, ஏற்றியவர்களில் 19 சதவீதம், ஏற்றாதவர்களில் 18 சதவீதம். 2021 மே மாதம் நம் நாட்டு சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

அர்ஜென்டினாவில் வேறு மாதிரி செய்தார்கள். முதியவர்கள் 160 பேர். லேசான அறிகுறி தொடங்கி 72 மணி நேரத்துக்குள், ஆன்டிபாடி அதிகமுள்ள பிளாஸ்மா. கடுமையான மூச்சுக் கோளாறு 31 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. வைரஸ் உடலில் பரவுவதற்குள் ஆன்டிபாடி அதைப் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் போனால் நோயாளிக்கே சொந்த ஆன்டிபாடி வந்துவிடும். அப்போது நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் உடலின் அழற்சிதான், அதாவது எதிர்ப்புச் சக்தியே அளவு மீறுவதுதான். அதனால்தான் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

முருகன்: டெங்குவுக்கு?

பதில்: வேண்டாம். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகைக்கான ஆன்டிபாடி, இன்னொரு வகை வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய உதவிவிடலாம்.

பாஸ்கர்: எங்கள் மாமா பிளாஸ்மா ஏற்றிய மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்தார். கண்ணால் பார்த்ததை நம்பாமல் ஆய்வை நம்பச் சொல்கிறீர்களா?

பதில்: அவர் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்து பிளாஸ்மா ஏற்றாத நூறு பேரில் 76 பேர் 28 நாள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். ஏற்றியவர்களிலும் அதே 76தான். மாமா எந்தப் பக்கம் இருந்திருந்தாலும் பிழைத்திருக்கலாம்.

கதிர்: ஐசிஎம்ஆர் ஆய்வில் பலருக்குத் தந்த பிளாஸ்மாவில் ஆன்டிபாடியே குறைவு. அதை வைத்து எப்படி முடிவு சொல்வீர்கள்?

பதில்: நியாயமான கேள்வி, அந்தக் குறை உண்மைதான். ஆனால் ரெக்கவரியில் 11,000 பேருக்கு மேல். ஆன்டிபாடி நிறைந்த பிளாஸ்மாதான் தந்தார்கள். அப்படியும் வித்தியாசமில்லை. பிளாஸ்மாவே பொய் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஹூனின் என்ற வைரஸால் அர்ஜென்டினாவில் வரும் ரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கு, முதல் எட்டு நாளுக்குள் கொடுத்தபோது இறப்பு 16.5 சதவீதத்திலிருந்து 1.1 ஆக இறங்கியது. 1979இல் வெளியான ஆய்வு அது.

பாஸ்கர்: அப்போ எங்கள் டாக்டர் தப்பு செய்தாரா?

பதில்: இல்லை. அந்த நேரத்தில் வழிகாட்டுதலே அனுமதித்தது. சரி, அடுத்தவருக்கு வழிவிடுவோம்.

ரேவதி: பிரசவமான பெண்கள் பிளாஸ்மா தரலாமா?

பதில்: கொரோனா காலத்தில் எடுக்கவில்லை. கர்ப்பத்தின்போது உருவாகும் சில ஆன்டிபாடிகள், பெறுபவரின் நுரையீரலைத் திடீரெனப் பாதிக்கக்கூடும்.

அன்வர்: அவசரமாக டோனர் வேண்டும், பணம் தருகிறோம்.

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. பணம் பேசாதீர்கள். 1998 முதல் நம் நாட்டில் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடை. சிகிச்சை தரும் மருத்துவர் எழுதித் தந்தால், உரிமம் பெற்ற ரத்த வங்கிக்குப் போங்கள்.

மீனா: அம்மாவுக்கு ரிட்டுக்ஸிமாப் ஊசி போகிறது. கொரோனா வந்து பல வாரமாகியும் விடவில்லை.

பதில்: பிளாஸ்மாவை இன்றும் யோசிக்கக்கூடிய இடம் இதுதான். அந்த மருந்து, ஆன்டிபாடி தயாரிக்கும் செல் வரிசையையே குறைத்துவிடும். அம்மா உடல் தானாக ஆன்டிபாடி செய்ய முடியாமல் இருக்கலாம். வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் கடைசி ஊசி தேதி, அறிகுறி தொடங்கிய தேதி இரண்டையும் எடுத்துக்கொண்டு தொற்றுநோய் நிபுணரிடம் நாளைக்கே போங்கள்.