மாடிப் பையன்களுக்கு யார் சொல்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றில் 21 வருடமாக எஞ்சின் அசெம்பிளி லைனில் வேலை. ஒரு வருடமாகவே உற்பத்தி குறைந்துகொண்டு வருகிறது. மூன்றாவது ஷிஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். இந்த யூனிட்டை மூடிவிட்டு எல்லாவற்றையும் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேச்சு. நான் சங்கச் செயற்குழுவில் இருப்பதால் ஏப்ரல் மாதமே எங்களைக் கூப்பிட்டு ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வந்தால் வாங்கிக்கொண்டு ஒதுங்குவதா, கடைசிவரை நிற்பதா? ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு மனை வருகிறது, செட்டில்மென்ட் பணத்தை அதில் போடுங்கள் என்கிறார் மைத்துனர். மகள் இன்ஜினீயரிங் முதல் வருடம். நல்லவேளையாக ஆகஸ்டில் மாடி ரூமுக்கு எங்கள் கம்பெனியின் காண்ட்ராக்ட் பையன்கள் இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். அவர்கள் கொடுத்த அட்வான்ஸ் 40,000 ரூபாயில் ஃபீஸ் கட்டினேன். மனைவி முன்பு போல இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தனுப்பும் கறிக்குழம்பைக்கூட நிறுத்திவிட்டாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பையன்கள் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் படியேறும் சத்தம் கேட்கும்வரை விழித்துத்தான் கிடக்கிறேன்.
(ஊரையும் நிறுவனத்தின் பெயரையும் நீக்கியிருக்கிறேன்.)

பதில்: தம்பி, ஆலை மூடப் போகிறது என்ற கடிதம் எனக்குப் புதிதில்லை. 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியபோது வந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவிப்பு வந்த பிறகு மறைமலை நகரிலிருந்து கட்டாக வந்தது. எல்லாவற்றிலும் வி.ஆர்.எஸ். கேள்வி, மனை கேள்வி, தூக்கம் போன கேள்வி. அதனால் தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகும் என்று எழுதி உங்கள் நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இதற்கு முன் பார்க்காத ஒரு சொல் இருந்தது. 'நல்லவேளையாக.'

ஆலை மூடலாம் என்று உங்களுக்கு ஏப்ரலில் தெரியும். அட்வான்ஸ் வாங்கியது ஆகஸ்டில். நடுவில் நான்கு மாதம். அந்த ஆலையை நம்பி ஊரைவிட்டு வந்த இரண்டு பையன்களிடம், அந்த ஆலை நிற்குமா என்று தெரியாத நிலையில், நாற்பதாயிரத்தை எண்ணி வாங்கி மகளின் கல்லூரியில் கட்டிவிட்டீர்கள். இதை ஒரு குற்றமாகக்கூட நீங்கள் எழுதவில்லை. போகிற போக்கில், கடவுள் கண் திறந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

காண்ட்ராக்ட் பையன்களிடம் நாற்பதாயிரம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தீர்களா? ஆளுக்கு இருபதாயிரம். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் யாரிடமும் அவ்வளவு மிச்சம் இருக்காது. ஊரில் ஒரு அம்மாவின் தோடோ, மாடு விற்ற பணமோ, வட்டிக்கு வாங்கியதோ. உங்கள் மகளின் ஃபீஸ் ரசீதில் உங்கள் பெயர் இருக்கிறது. கட்டியது அவர்கள்.

குடும்பத்துக்காகத்தானே செய்தேன் என்பீர்கள். இந்தக் கேள்வி-பதில் பத்தியில் நான் அதிகம் கேட்ட சமாதானம் இதுதான். அண்ணன் பங்கைத் தம்பி எழுதி வாங்கியதும் குடும்பத்துக்காக, மருமகளின் நகையை மாமியார் அடகு வைத்ததும் குடும்பத்துக்காக. பழைய மனுஷன் என்று சொன்னாலும் சரி, என் கணக்கில் ஒரு வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டவன் அந்த வீட்டுப் பொறுப்பு. வாடகை வாங்கிவிட்டால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

குழம்பு என்றதும் உங்கள் மனைவி ஞாபகம் வருகிறார். அவர் எரிந்து விழுகிறார் என்று அவர் மேல் குறை சொல்கிறீர்கள். அவருக்கு விஷயம் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டு அந்தப் பையன்கள் கையில் கிண்ணத்தைக் கொடுக்க அவரால் முடியவில்லை. உங்கள் வீட்டில் வெட்கப்படுகிறவர் அவர் ஒருவர்தான்போல.

நான் ஒரு நூற்பாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். ஆலை மூடப் போவது எங்கள் வரிசையில் குடியிருந்த டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அவர் நடத்திய சீட்டுக்கு மாதா மாதம் வந்து பணம் வாங்கிப் போனார். பிறகு ஒருநாள் காலையில் சங்கு ஊதவில்லை. முதலில் மாறியது மளிகைக் கடைதான். அதுவரை கணக்கு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சி, அன்று நோட்டை எடுக்காமல் கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெறும் தூக்குச் சட்டியோடு திரும்பினேன். அண்ணாச்சியை நாங்கள் மன்னித்துவிட்டோம், அவருக்கும் கொள்முதல் கடன் இருந்தது. கிளார்க்கை மன்னிக்கவில்லை. முப்பது வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவர் சாம்பார் வாளியோடு வந்ததும் அம்மா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

நீங்கள் செயற்குழுவில் வேறு இருக்கிறீர்கள். கேட் மீட்டிங்கில் தொழிலாளர் ஒற்றுமை என்று கோஷம் போட்டிருப்பீர்கள். அதே லைனில், போல்ட் முறுக்கும் அதே டார்க் ரெஞ்சைப் பிடித்து, உங்கள் சம்பளத்தில் பாதிகூட வாங்காமல் நிற்கிற பையன் அந்த ஒற்றுமையில் சேர்த்தியா இல்லையா? மூடுகிற நாளில் உங்களுக்கும் அவனுக்கும் கிடைக்கப் போவதைப் பாருங்கள். உங்களுடையது போன்ற பெரிய ஆலையை மூட வேண்டுமானால், நிர்வாகம் குறைந்தது 90 நாளுக்கு முன்பே அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், நகலைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் கொடுக்க வேண்டும். மூடினால் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். உங்கள் 21 வருடத்துக்கு அது 315 நாள், பத்தரை மாதச் சம்பளம். கிராஜுவிட்டி தனி. இது சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சம், பேசினால் கூடும். அந்தப் பையன்களின் பெயர் கம்பெனி ஏட்டிலேயே இல்லை, ஒப்பந்தக்காரர் ஏட்டில் இருக்கிறது. அவர்களுக்குப் பெரும்பாலும் வருவது ஒரு போன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று. உங்களுக்கு முன்னால் அவர்களைத்தான் வெளியே அனுப்புவார்கள், இது உங்களுக்கே தெரியும். ஒரு மாதம் முன்னால் தெரிந்தால் வேறு கம்பெனிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிற வயது அவர்களுக்கு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வி.ஆர்.எஸ். படிவத்தில் தனி ஆளாகக் கையெழுத்துப் போடாதீர்கள். விருப்ப ஓய்வு என்றால் நீங்களாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். எல்லோரும் தானாகவே போய்விட்டால், ஆளில்லாத ஆலையை மூடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். தொகை எவ்வளவு, எத்தனை வருட சர்வீஸுக்கு எப்படிக் கணக்கு என்று எல்லாம் எழுத்தில் வரட்டும், சேர்ந்து பேசுங்கள். ஃபோர்டு அறிவிப்பு வந்தது 2021-ல், மறைமலை நகர்த் தொழிலாளர்கள் 2022-லும் இழப்பீட்டுக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே, அதற்கும் இப்போதே கணக்குப் போடுங்கள்.

ஆலை தப்பித்துவிடும் என்று கேன்டீனில் யாராவது சொல்வார்கள். புல்லட் செய்த திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையைக் காட்டுவார்கள். உண்மைதான், 2000 வாக்கில் ராயல் என்ஃபீல்டை மூடுவதா விற்பதா என்று அதன் உரிமையாளரான ஐஷர் நிறுவனம் யோசித்த காலம் ஒன்று இருந்தது. ஐஷர் முதலாளியின் மகன் சித்தார்த்த லால் கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினார், புல்லட் பிழைத்தது. ஆனால் அதே சமயத்தில் ஜெய்ப்பூர்ப் பக்கம் இருந்த என்ஃபீல்டு ஆலையை மூடித்தான் பிழைத்தது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். மைசூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஐடியல் ஜாவா ஆலையில் ஜாவா மோட்டார் சைக்கிளும், அப்புறம் யெஸ்டியும் வந்தன. எண்பதுகளில் ஜப்பான் கூட்டில் வந்த, குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் வண்டிகளோடு போட்டி, தொழிலாளர் தகராறு, கடைசியில் புகைக் கட்டுப்பாடு. 1996-ல் மூடியாகிவிட்டது. 2018-ல் ஜாவா பெயர் திரும்ப வந்தது, ஊரெல்லாம் கொண்டாடினார்கள். வண்டி செய்வது மத்தியப் பிரதேசத்தின் பிதாம்பூரில். பெட்ரோல் டேங்கில் பழைய எழுத்து இருக்கிறது, மைசூர்க்காரனுக்கு வேலை இல்லை.

மனை வேண்டாம். அந்த மனையின் விலை எதை நம்பி நிற்கிறது? உங்கள் கேட்டை நம்பி. உங்கள் சம்பளம், மாடி வாடகை, கேட்டுக்கு எதிரே டீக்கடை, பரோட்டாக் கடை, நட்டும் பிராக்கெட்டும் அடித்துக் கொடுக்கும் பட்டறைகள், ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் வேன்காரர், எல்லாமே அந்த ஒரு கேட்டைப் பிடித்துத் தொங்குகின்றன. கேட் சாத்தினால் முதலில் வாடகை போகும், அப்புறம் மனை வாங்க ஆள் இருக்காது. மிச்சமிருக்கிற பணத்தையும் அங்கேயே கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்கிற மைத்துனருக்கு அதில் கமிஷன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பணத்தை பாங்கில் போட்டு மகளின் நான்கு வருட ஃபீஸைத் தனியாக ஒதுக்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒதுக்க வேண்டியது அந்த 40,000. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதென்றால் அதற்கு ஒப்பந்தம் வேண்டும் என்கிறது 2017-ல் வந்த நம் மாநில வாடகைச் சட்டம். உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமா என்பது சந்தேகம். இப்போதாவது எழுதிக் கொடுங்கள்: வேலை போனால் அன்றே காலி செய்யலாம், ஒரு மாத நோட்டீஸ் வேண்டாம், வெள்ளையடிக்க என்று பிடித்தம் கிடையாது, முழுப் பணம் திரும்ப வரும். கையில் இல்லையென்றால் சங்கத்தின் கூட்டுறவுக் கடனில் எடுங்கள், வண்டியை விற்றாவது கொடுங்கள்.

சொன்னால் காலி செய்துவிடுவார்களே, வதந்தி பரப்பியதாக நிர்வாகம் என்மேல் பாயுமே என்று தோன்றும். காலி செய்யட்டும். வதந்தி என்கிறீர்களே, அந்த வதந்தியை நம்பித்தானே நீங்கள் மனை பார்க்கிறீர்கள்? உறுதியாகத் தெரியாது, ஆனால் எங்களிடம் இப்படிச் சொன்னார்கள் என்று, தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுங்கள். முதலில் மனைவியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மாடிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகளுக்கும் ஃபீஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியட்டும், பதினெட்டு வயதாகிவிட்டது அவளுக்கு.

எப்படியும் படியேறும் சத்தம் கேட்கும்வரை விழித்துத்தான் இருக்கிறீர்கள். இன்று ராத்திரி கதவைத் திறந்து வையுங்கள்.