வலென்சியாவில் ஒரு ஃப்ளாட் பிடித்துவிட்டது. ஏஜென்ட் உடனே 3,000 யூரோ கட்டச் சொல்கிறார். வெளிநாட்டவரான நான் அங்கே வீடு வாங்கலாமா, இந்தப் பணத்தைக் கட்டலாமா?

சென்னையில் வேலை, இந்தியப் பாஸ்போர்ட், ஸ்பெயினில் வதிவிட அனுமதி இல்லை, ஃப்ளாட்டை வீடியோவில்தான் பார்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 3,000 யூரோ கட்டினால் விளம்பரத்தை எடுத்துவிடுவதாக ஏஜென்ட் சொல்கிறார். அந்தப் பணத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். இதே ஊரில், இதே தொகையை, இதே அவசரத்தில் கட்டியவன் நான்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். வாங்கலாம். ஸ்பெயினில் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை இல்லை. 'நியே' எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண் வேண்டும். டெல்லியில் உள்ள ஸ்பெயின் தூதரகம் அல்லது மும்பைத் துணைத்தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் வீடு வாங்கினால் அங்கே குடியிருக்கும் உரிமை கிடைக்காது. ஐந்து லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் வதிவிட அனுமதி தந்த திட்டம் 2013-இல் தொடங்கி, 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னமும் யாராவது அதைக் காட்டி விற்கப் பார்த்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி என் கதை. 2021-இல் கபன்யால் பகுதியில் ஒரு வீடு பார்த்தேன். கடற்கரைக்கு நடந்தே போகலாம். பழைய ஓடு பதித்த முகப்பு, உள்ளே புதுச் சமையலறை, வெள்ளைச் சுவர்கள். கீழ்த்தளம், இங்கே அதை 'பாஹோ' என்பார்கள். மனைவிக்கும் எனக்கும் அவ்வளவு பிடித்தது. "நாளை வேறு இருவர் பார்க்க வருகிறார்கள்" என்றார் ஏஜென்ட். அன்று மாலையே 3,000 யூரோ அனுப்பிவிட்டேன். அவர் தந்த ஒரு பக்கத் தாளில், வாங்குபவர் பின்வாங்கினால் பணம் திரும்பாது என்று இருந்தது. ஸ்பானிஷ் எனக்கு ஓரளவு வரும். படித்தேன், கையெழுத்தும் போட்டேன்.

கடனுக்காக வங்கிக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அங்கே இருந்த பெண் பதிவேட்டு நகலைத் திரையில் திறந்து, "இது வீடு இல்லையே, லோகால்" என்றார். லோகால் என்றால் கடை. யாரோ பழைய கடையை உள்ளே மாற்றிக் கட்டி, நகராட்சியில் பயன்பாட்டு மாற்றம் வாங்காமலேயே வீடு என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கடன் கிடையாது. குடியிருக்கத் தகுதி உண்டு என்ற உரிமமும் கிடையாது. நாளைக்கு விற்க நினைத்தால் வாங்குபவருக்கும் இதே கதைதான். அன்று இரவு நாங்கள் இருவரும் சாப்பிடவே இல்லை.

பணம் திரும்ப வந்தது, ஆனால் ஐந்து மாதம் கழித்து. ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, 'புரோஃபாக்ஸ்' அனுப்பினோம். உள்ளே எழுதியிருப்பதற்கும் சேர்ந்தது என்பதற்கும் அஞ்சல் துறையே சாட்சி சொல்லும் கடிதம் அது. வீடு என்று விளம்பரம் செய்து கடையை விற்கப் பார்த்தார்கள் என்பதே எங்கள் வாதம்.

இவ்வளவு அலைச்சலையும் தடுத்திருக்கக்கூடிய தாளின் விலை பத்து யூரோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன் பெயர் 'நோட்டா சிம்ப்ளே'. நம்மூர் வில்லங்கச் சான்று போன்றது, ஆனால் படிக்க எளிது. சொத்துப் பதிவாளர்களின் இணையதளத்தில் காரணத்தைச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். உரிமையாளர் யார், எத்தனை சதுர மீட்டர், வீடா கடையா, அடமானம் உண்டா, நீதிமன்ற ஜப்தி உண்டா, எல்லாம் இரண்டு மூன்று பக்கத்தில் வந்துவிடும். 'ஊசுஃப்ருக்தோ' என்ற சொல் கண்ணில் பட்டால் உடனே நில்லுங்கள். வேறொருவருக்கு, பெரும்பாலும் இறந்தவரின் மனைவிக்கு, அந்த வீட்டில் ஆயுள்கால அனுபவ உரிமை இருக்கிறது என்று பொருள். அவரும் கையெழுத்திடாமல் முழு உரிமை உங்களுக்கு வராது. 'கதாஸ்த்ரோ' என்று வரிக்கான நிலப் பதிவேடு தனியாக ஒன்று உண்டு. நம்மூரில் பட்டா ஒரு அலுவலகம், பத்திரம் ஒரு அலுவலகம் என்று இருப்பது போலத்தான். இரண்டிலும் பரப்பளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பால்கனியைக் கண்ணாடி போட்டு அறையாக்கியிருந்தால் அங்கேதான் தெரியும்.

இன்னொன்றை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இந்த வியாபாரத்தில் உங்களுக்காக உழைக்க யாரும் தானாக வருவதில்லை. ஏஜென்டை அமர்த்தியது விற்பவர். நோத்தாரியோ என்பவர் பத்திரத்துக்குச் சான்று தரும் அரசு அதிகாரி. ஆளை, பணம் வந்த வழியை, பதிவேட்டில் உள்ள கடனைச் சரிபார்ப்பார். கட்டடத்தின் கூரை ஒழுகுவதையோ அடுத்த ஆண்டு லிஃப்ட் மாற்றப் போவதையோ பார்ப்பது அவர் வேலை இல்லை. அதனால் ஏஜென்ட் அறிமுகப்படுத்தாத ஒரு சொத்து வழக்கறிஞரை நீங்களே தேடிப் பிடியுங்கள். நான் விலையில் ஒரு சதவீதமும் அதன்மேல் வரியும் கொடுத்தேன். நான் செலவழித்ததிலேயே அதிகம் பயன்பட்ட பணம் அது.

2022-இல் பத்ராய்ஷ் பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். 1969-இல் கட்டியது, 118,000 யூரோ. வழக்கறிஞர் முதலில் கேட்டது குடியிருப்போர் சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை. விற்பவர் முகம் சுளித்தார், ஆனாலும் கொடுத்தார். அதில் முகப்பைப் பழுதுபார்க்க வீட்டுக்கு 4,200 யூரோ என்று ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தார்கள். இதற்கு இங்கே 'தெர்ராமா' என்று பெயர். தவணை கட்ட வேண்டிய நாளில் யார் உரிமையாளரோ, சங்கம் அவரிடம்தான் கேட்கும். கையெழுத்துக்கு மறுநாள் அது என் தலையில் விழுந்திருக்கும். விற்பவரே முழுத்தொகையையும் ஏற்பார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம். அப்புறம், பழைய உரிமையாளர் சங்கத்துக்கு வைத்த பாக்கியில் நடப்பு ஆண்டுக்கும் முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உரியதற்கு வீடே பொறுப்பு. பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்காமல் நோத்தாரியோ முன் உட்காராதீர்கள்.

அந்த ஒப்பந்தத்தின் பெயர் 'ஆர்ராஸ்'. நம்முடைய அச்சாரம்தான். வழக்கமாக விலையில் பத்து சதவீதம். சிவில் சட்டத்தின் 1454-ஆம் பிரிவின்படி வாங்குபவர் விலகினால் அச்சாரம் போய்விடும், விற்பவர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ஆனால் 'பெனிதென்சியாலெஸ்', அதாவது விலக இடம் தரும் வகை, என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால்தான் இது பொருந்தும். வெறுமனே ஆர்ராஸ் என்று எழுதிவிட்டால் தகராறு வரும்போது நீதிமன்றம் வேறுவிதமாகப் பொருள் கொள்ளலாம். கடன் வாங்கப் போகிறீர்களென்றால், கடன் மறுக்கப்பட்டால் அச்சாரம் திரும்பும் என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும். இங்கே வசிக்காதவர்களுக்கு வங்கிகள் பொதுவாக அறுபது முதல் எழுபது சதவீதம் வரைதான் தருகின்றன.

செலவுக் கணக்கில் பலர் தடுமாறுவது வரியில். பழைய வீட்டுக்குச் சொத்து மாற்று வரி உண்டு, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மத்ரீதில் ஆறு சதவீதம். நாங்கள் வாங்கியபோது வலென்சியாவில் பத்து. 2022 ஜனவரி முதல், நம்மூர் வழிகாட்டி மதிப்பு போல, அரசே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொகையை வைத்திருக்கிறது; நீங்கள் கொடுத்த விலை அதைவிடக் குறைந்தால் அரசின் தொகைக்குத்தான் வரி. எங்கள் ஃப்ளாட்டுக்கு அது 121,000 யூரோ. பேரம் பேசிக் குறைத்த பணத்துக்கும் சேர்த்து 12,100 யூரோ வரி கட்டினோம். கதாஸ்த்ரோ தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். நோத்தாரியோ, பதிவு, தாள் வேலை பார்க்கும் ஹெஸ்தோர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2,000 ஆனது. விலைக்கு மேல் பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் கையில் வைத்திருங்கள்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 250,000 டாலர் வரை வழி இருக்கிறது. வாங்கிய பிறகு வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் அந்த ஃப்ளாட்டைக் காட்டியே ஆக வேண்டும். 2015-இல் வந்த கறுப்புப் பணச் சட்டம் இதில் மிகக் கடுமையானது. ஸ்பெயின் பக்கத்திலும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கோவையில் என் பெயரில் இருந்த பழைய சேமிப்பைக் கொண்டுவந்தபோது, எட்டு ஆண்டுச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். இவற்றை இப்போதே சேகரிக்கத் தொடங்குங்கள்.

கையெழுத்து நாளில் நோத்தாரியோ பத்திரத்தை உரக்க வாசிப்பார். உங்களுக்கு ஸ்பானிஷ் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். கடன் இருந்தால் குறைந்தது ஒரு நாள் முன்பே அவரிடம் தனியாகப் போக வேண்டும்; கடனின் நிபந்தனைகள் உங்களுக்குப் புரிந்ததா என்று கேள்வி கேட்டுப் பார்ப்பார், அதற்குக் கட்டணம் இல்லை. 2019-இல் வந்த சட்டம் இது. எனக்கு வட்டி உயர்ந்தால் மாதத் தவணை எவ்வளவு ஆகும் என்று கேட்டார், வெறும் சடங்காக இல்லாமல் உண்மையாகவே கேட்டார். நேரில் வர முடியாதவர்கள் வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுக்கலாம். ஆனால் வீட்டை ஒரு முறையாவது நேரில் வந்து பாருங்கள். ஈர வாசனை வீடியோவில் வராது.

வாங்கிய பிறகும் செலவு உண்டு. நகராட்சிச் சொத்து வரி, சங்கச் சந்தா, அதோடு நீங்கள் அங்கே வசிக்காததால் வீடு பூட்டியே கிடந்தாலும் ஆண்டுக்கு ஒரு வருமான வரி. கதாஸ்த்ரோ மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதத்தை வருமானமாக வைத்து, அதில் 24 சதவீதம் கேட்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், 2025 ஏப்ரல் 3 முதல் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கபன்யாலில் தலைமுறையாக இருந்தவர்கள் வாடகை தாங்காமல் வெளியேறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நீங்களோ உங்கள் பிள்ளைகளோ வந்து இருப்பதற்கு வாங்குங்கள். அப்படி வருபவரை இந்த ஊர் மனதாரச் சேர்த்துக்கொள்கிறது.

உங்கள் ஃப்ளாட் எந்தப் பகுதி என்று எழுதவில்லை. துரியா ஆற்றின் புதிய கால்வாய்க்குத் தெற்கே, லா தோர்ரே அல்லது பைபோர்த்தா பக்கம் என்றால் வெள்ள வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். 1957 வெள்ளத்துக்குப் பிறகு நகரைக் காக்க வெட்டிய கால்வாய் அது. 2024 அக்டோபர் 29 அன்று நகரின் நடுப்பகுதி தப்பியது, தெற்கே கீழ்த்தளங்கள் முழுகின. இத்தகைய பேரிடர் இழப்பை 'கொன்சோர்சியோ' என்ற அரசு நிறுவனம் ஈடுசெய்யும், ஆனால் வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் மட்டும்.

சரி, ஏஜென்டுக்கு இன்று என்ன எழுதுவது? வீட்டின் பதிவேட்டு எண்ணும் கதாஸ்த்ரோ எண்ணும் வேண்டும், நோட்டா சிம்ப்ளேயை என் வழக்கறிஞர் பார்த்த பிறகு முன்பணம் தருகிறேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒழுங்கான வீடென்றால் அன்றே அனுப்பிவிடுவார். நோட்டா கையில் வந்ததும், பெயர்களை மறைத்துவிட்டு, வீட்டை விவரிக்கும் பத்தியை மட்டும் பின்னூட்டத்தில் போடுங்கள். 'விவியெந்தா', அதாவது வீடு, என்று இருக்கிறதா, 'லோகால்' என்று இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.