மாமா அனுப்புற யூட்: வாங்கலாமா வேணாமா?

கேள்வி: அண்ணே, ஆஸ்திரேலியா பெர்த்ல இருக்குற மாமா அவரோட ஹோல்டன் யூட்ட எனக்கே அனுப்பிடுறேங்குறாரு. முன்னாடி கார், பின்னாடி லோரி மாதிரி தொட்டி, பார்க்கவே ஆசையா இருக்கு. எடுக்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, ஆசை புரியுது, ஸ்டீரிங் நம்ம மலேசியா மாதிரி வலது பக்கமே இருக்குறதால பாதி தலைவலி மிச்சம். ஆனா கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடியே வர்த்தக அமைச்சு மித்தில ஏபி, அதாவது இறக்குமதி பர்மிட், கிடைக்குமான்னு பாருங்க, அது இல்லாம வண்டி போர்ட் கிள்ளான்ல நின்னா வாடகை ஏறிக்கிட்டே போகும், அப்புறம் கஸ்டம்ஸ் வரி, எக்சைஸ், சேல்ஸ் டேக்ஸ், புஸ்பாகோம் சோதனை, ஜேபிஜே பதிவுன்னு ஒரு சுத்து சுத்தணும். மாமா வண்டி 6.2 லிட்டர் பெரிய வி8 இன்ஜினா இருந்தா ரோட் டேக்ஸ மொதல்ல கேட்டுட்டு உக்காருங்க.

ஹோல்டன் ஆஸ்திரேலியாவுல வண்டி செய்யுறத 2017ல நிறுத்திட்டாங்க. அதனால ஸ்பேர் பார்ட்ஸையும் யோசிங்க, முன்பக்க சாமான் அதே ஹோல்டனோட கொமோடோர் செடான்ல இருந்து கழட்டிக்கலாம், பின் தொட்டி, டெயில்கேட் இதெல்லாம்தான் தேடி அலையணும்.

இன்னொண்ணு, நம்ம புரோட்டோன் அரினா ஞாபகம் இருக்கா? வீராவ வெட்டி தொட்டி வச்ச மாதிரி, ஆஸ்திரேலியாவுலயே ஜம்பக்னு பேர் வச்சு வித்தாங்க! நான் ஒண்ணு வச்சிருந்தேன். மீன் பெட்டி ஏத்திட்டு ஐஸ் தண்ணிய கழுவாம விட்டேன், ரப்பர் பாய தூக்குனா விரல் போற அளவுக்கு ஓட்டை, என் சோம்பேறித்தனம்தான். நல்ல அரினா கெடச்சா அத எடுத்துக்குங்க, மாமாகிட்ட டிக்கெட் காசு மட்டும் கேளுங்க, அங்க போயி யூட்ட ஓட்டிப் பாத்துட்டு வரலாம்.