220 கிலோ பாஸ்கல் என்றால் எத்தனை பிஎஸ்ஐ? அழுத்த அலகுகள்: கேள்வி-பதில்

கே: கார் கதவோரம் டயர் அழுத்தம் 220 கிலோ பாஸ்கல் என்று ஒட்டியிருக்கிறது. காற்று பிடிக்கும் இடத்தில் என்ன சொல்வது?

ப: 32 பிஎஸ்ஐ என்று சொல்லுங்கள். 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) என்பது 6.895 கிலோ பாஸ்கல், அதனால் வகுத்தால் 31.9 வரும். மீட்டரில் பார் இருந்தால் 2.2. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று காட்டும் மீட்டராக இருந்தால் 2.24. ஒரு பார் என்பது 100 கிலோ பாஸ்கல், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு 'கிலோ' என்பது 98.07 கிலோ பாஸ்கல். இந்த 2 சதவீத வித்தியாசம் டயருக்குப் பொருட்டில்லை. மீட்டரையே சரிபார்ப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

கே: புது வாஷிங் மெஷினில் தண்ணீர் அழுத்தம் 0.05 முதல் 0.8 மெகா பாஸ்கல் வரை வேண்டும் என்று போட்டிருக்கிறது. எங்கள் மொட்டைமாடித் தொட்டி போதுமா? ஆயிரம் லிட்டர் தொட்டி.

ப: லிட்டரை மறந்துவிடுங்கள். 500 லிட்டரோ 2000 லிட்டரோ, அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம் மட்டும்தான். 0.1 மெகா பாஸ்கல் என்றால் 1 பார், அதாவது சுமார் 10.2 மீட்டர் உயரத் தண்ணீர். உங்களுக்குக் குறைந்தபட்சம் 0.05 வேண்டும், அது 5.1 மீட்டர், கிட்டத்தட்ட 17 அடி. தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மெஷின் குழாய் வரை நேர்க்குத்தாக டேப் பிடித்துப் பாருங்கள். மெஷின் மொட்டைமாடிக்கு நேர் கீழ்த் தளத்தில் இருந்தால் பெரும்பாலும் 10, 12 அடிதான் தேறும், போதாது. அதற்கும் ஒரு தளம் கீழே என்றால் எட்டிவிடும். தண்ணீர் ஓடும்போது குழாய் வளைவுகளிலும் கொஞ்சம் இழப்பு உண்டு, அதனால் 17 அடியை ஒட்டி இருந்தால் சின்ன பிரஷர் பம்ப் போடுவதே நல்லது.

சிலர் மெகா பாஸ்கலை (MPa) சிறிய 'எம்' போட்டு எழுதுகிறார்கள். பெரிய 'எம்'தான் மெகா. சிறியது மில்லி, 100 கோடி மடங்கு குறைவு!

கே: புயல் செய்தியில் ஹெக்டோ பாஸ்கல் என்கிறார்கள். அப்பா மில்லிபார் என்கிறார். எது சரி?

ப: இரண்டும் ஒன்றுதான், எண்கூட மாறாது. 1 மில்லிபார் 100 பாஸ்கல், 1 ஹெக்டோ பாஸ்கலும் அதுவே.

கே: ரத்த அழுத்தம் 120/80 என்பது பாஸ்கலில் எவ்வளவு?

ப: 16/10.7 கிலோ பாஸ்கல். 120/80 என்பது மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு, 1 மில்லிமீட்டர் பாதரசம் 133.3 பாஸ்கல். டாக்டரிடம் மட்டும் 120/80 என்றே சொல்லுங்கள்.

கே: பாயில் விதிக் கணக்கு (வெப்பநிலை மாறாமல் வாயுவின் பருமன் பாதியானால் அழுத்தம் இரு மடங்கு). மீட்டர் 2 பார் காட்டும் காற்றைப் பாதிப் பருமனுக்கு அழுத்தினால் 4 பார்தானே வர வேண்டும்? விடையில் 5 என்று இருக்கிறது.

ப: விடை சரி. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் மீட்டர் காட்டும். காற்று இறங்கிய காலி டயரிலும் 1 பார் காற்று இருக்கிறது, மீட்டர் 0 காட்டுகிறது. வாயு விதிகளுக்கு முழு அழுத்தம் வேண்டும், ஆகவே முதலில் வளிமண்டலத்தின் 1.013 பாரைக் கூட்டுங்கள்: 3.013. வெப்பநிலை மாறாமல் பருமன் பாதியானால் 6.026. அப்புறம் மறுபடி 1.013-ஐக் கழித்தால் மீட்டர் காட்டும் அளவு 5.013 பார்.