ஜூடோவை நம்பி ஒரு பிள்ளை வாழ முடியுமா?

செந்தூலிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: 12 வயது மகள் ஜூடோவே கதி என்று கிடக்கிறாள், இதில் எதிர்காலம் உண்டா?

அக்கா, ஆரம்பத்தில் விழத்தான் கற்றுக்கொடுப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் பாயை அடித்து, தலை தரையில் படாமல் விழ வேண்டும், இதில் சலித்து ஓடாத பிள்ளைதான் தேறும். ஆட்டம் 4 நிமிடம். ஆனால் எதிராளியை வேகமாக முதுகு படத் தூக்கிப் போட்டாலோ 20 விநாடி அமுக்கிப் பிடித்தாலோ ‘இப்போன்’, அதாவது முழு வெற்றி, அத்தோடு முடிந்தது. பல வருட உழைப்பு 10 விநாடியில்கூடப் போகும்.

வதைப்பது எடைதான். 48 கிலோ பிரிவு என்றால் நிறுக்கும்போது 48ஐத் தாண்டக் கூடாது. வீடே ரொட்டி சானாய் சாப்பிடும்போது அவள் தண்ணீரைக்கூட அளந்து குடிப்பாள். வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், மேல் பிரிவில் ஆடட்டும். அதே 48 கிலோவில் ஜப்பானின் ரியோகோ தானி 1992 முதல் 2008 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கினார், நடுவில் பிள்ளையும் பெற்றார். அவர் அபூர்வம். 203 ஆட்டம் தொடர்ந்து தோற்காத ஜப்பான் ஜூடோ வீரர் யமாஷித்தாவே 28 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார்.

சரி, காசு? மலேசியாவில் இது பேட்மிண்டன் இல்லை. சுக்மா என்ற மலேசிய விளையாட்டுப் போட்டிக்கு மாநில அணியில் இடம் பிடிக்கலாம், அப்புறம் பயிற்றுநர், நடுவர் என்று போகலாம். பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் படிப்பை மட்டும் விட வேண்டாம்.